அம்மாவுக்கு மட்டும் ஒரு கடைசி அத்தியாயம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் சௌக்கியம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். வாராவாரம் போனில் பேசுகிறோமே, எதற்கு வேலை மெனக்கெட்டுக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சில விஷயங்களை அவள் காதுபடப் பேச முடியவில்லை. தவிர, ஏரிக்கரையோரம் சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பது உனக்குத் தெரியாததல்ல.

முதலில் நல்ல செய்தி. உன் நாவல் இங்கே பேச்சாகிக் கிடக்கிறது. மருந்துக்கடைக்காரர் நூலகத்தில் எடுத்துப் பாதி படித்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “வால்வு அண்ணே, உங்க பொண்ணு என்னைத் தூங்கவிடல. அந்தப் புருஷன் நல்லவனா கெட்டவனா, அதை மட்டும் சொல்லிடுங்க, மீதிய நாளைக்குப் படிச்சுக்கிறேன்” என்று கேட்டார். நான் பிடி கொடுக்கவில்லை. பம்ப் ஹவுஸில் வால்வு திறந்து மூடும் வேலையை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் அந்த ஆள் என்னை வால்வு என்று கூப்பிடுவதை விடவில்லை, அதற்கு அந்தத் தண்டனை போதும்.

உன் கதையில் வரும் அந்தப் பச்சைக் கதவு நம் வீட்டுக் கதவுதானே என்று கேட்காதவர்கள் இல்லை. தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் விழும் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு நூலகத்து அம்மா எனக்கு ஒரு தச்சனின் போன் நம்பரைக் கொடுத்தார். ஒரு நாவல் எழுதி அப்பாவின் சோம்பேறித்தனத்தை ஊர் முழுக்கச் சொன்ன ஒரே எழுத்தாளர் நீயாகத்தான் இருப்பாய். நம்முடையது தனி வீடுதான், பம்ப் ஹவுஸைத் தாண்டினால் தண்ணீரும் நாமும்தான் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் அது பயப்பட வேண்டிய வீடு என்று உன் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவைப் பற்றி. சின்னச் சின்ன மறதி என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அது அப்படியேதான் இருக்கிறது. எழுத்து வரி வரியாக நழுவுகிறது என்று சொல்லிப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள். எத்தனை மர்மக் கதை படித்தவள்! உன் தலையைப் பின்னிக்கொண்டே கொலைகாரன் யாரென்று உன்னிடம் சொல்லி, அப்புறம் அவனை எப்படிப் பிடித்தார்கள் என்று கதை சொல்வாளே, அவள்தான் இப்போது என்னை வாசிக்கச் சொல்கிறாள். சாயங்காலம் காபி ஆனதும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “ம், ஆரம்பிங்க” என்கிறாள். நானும் பேப்பரைத் தவிர வேறு எதையும் சத்தமாகப் படிக்காதவன், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

உனக்குத் தெரிந்த பழக்கம்தான், புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத்தான் கேட்டாள். முடிவு தெரிந்தால்தான் நிம்மதியாகப் படிக்க முடியும் என்பது அவள் கட்சி. “அம்மாவ மட்டும் கடைசிப் பக்கத்த முதல்ல படிக்க விடாதீங்கப்பா, அதுக்காகத்தான் ரெண்டு வருஷம் உயிர விட்டேன்” என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா. நானும் உன் பேச்சைத் தட்டாமல், துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து கடைசி அத்தியாயத்தைக் கவ்வ வைத்துவிட்டேன். அம்மா அந்த நீலக் கிளிப்பைப் பார்த்துவிட்டு, “பெத்த பொண்ணு புத்தகத்துக்கே பூட்டா?” என்று சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள்.

பாதிவரை வந்திருக்கிறோம். சில நாள் முந்தின நாள் படித்தது ஞாபகமில்லாமல் போய்விடுவதால் மறுபடி முதலிலிருந்து போக வேண்டியிருக்கிறது. எனக்கு ஒன்றும் சிரமமில்லை. உன் முதல் அத்தியாயம் எனக்கு இப்போது மனப்பாடம், வேண்டுமானால் மேடையேறி ஒப்பிக்கிறேன்.

வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. லீவு கிடைத்தால் பார். கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

எப்போதும் உன் நலம் நினைக்கும்,
அப்பா

*

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் பதில் கிடைத்தது. யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லியிருக்கிறாய். எழுத்தாளர்களுக்கு இது ஒரு பசி போலிருக்கிறது. சரி, எழுதுகிறேன். அதற்கப்புறம் நான் கேட்கும் ஒன்றை நீ செய்ய வேண்டும்.

நூலகத்தில் உன் புத்தகத்துக்காகவே கூட்டம் போட்டார்கள். அம்மாவையும் கூட்டிப்போக நினைத்தேன், கடைசி அத்தியாயத்தைப் பேசிவிடுவார்களே என்று பயந்து, நூலகத்து அம்மாவின் தங்கையை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். எழுத்தாளரின் தகப்பனார் என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் முடிவைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

வெளியூர் போன புருஷன் திரும்பி வருகிறான், இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டவன் இப்போது சர்க்கரை இல்லாமல் குடிக்கிறான், வகிடு மாறியிருக்கிறது, சிரிப்பு மாறியிருக்கிறது, இவன் என் புருஷன் இல்லை என்று அவள் சொல்கிறாள், யாரும் நம்பவில்லை. அதுவரை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அவளுக்குத்தான் மனசு சரியில்லை என்று பாதிப்பேர் முடிவே கட்டிவிட்டார்களாம். கடைசியில் அவன் நிஜமாகவே வேறு ஆள்தான் என்று தெரிந்ததும் கூடத்தில் மூக்கின் மேல் விரல் வைக்காதவர்கள் இல்லை. சண்டை வந்தது அதற்கு அப்புறம்தான். அவன் முன்னால் காபியை வைத்து, “நீ அவர் இல்லைன்னு வாசப்படி ஏறினப்பவே எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்துபோய் உள்ளே தாழ்ப்பாள் போடுகிறாளே, அவனையும் உள்ளே வைத்துக்கொண்டே, அந்த இடம்தான்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். “இதெல்லாம் நடக்கிற காரியமா? யாருன்னே தெரியாத ஒருத்தன், அவனுக்குக் காபியும் குடுத்து, வீட்டையும் பூட்டிக்கிட்டு ஒரு பொம்பள இருப்பாளா? தனியா இருக்க பயம்ங்கிறதுக்காகவா? காது குத்தறாங்க” என்றார். நூலகத்து அம்மா அவரை மடக்கினார். “தனியா இருந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க” என்றார். அவர் வீட்டுக்காரர் போய்ச் சில வருஷமாகிறது. அப்புறம் என் அபிப்பிராயம் கேட்டார்கள். உனக்கு வருத்தமாக இருந்தாலும் சரி, நான் மருந்துக்கடைக் கட்சிதான். கதை நன்றாக இருந்தது, முடிவு நம்பும்படி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி நான் போனில் சொல்லாதது. கோபப்படாமல் படி.

நான் சர்க்கரையை விட்டது டாக்டர் சொன்னதால்தான் என்று உனக்குத் தெரியும். அதைத்தான் நீ கதையில் போட்டாய். எழுத்தாளர் வீட்டில் அப்பாவின் சர்க்கரை நோய்கூட வீண்போவதில்லை என்று நானே கூட்டத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஆனால் போன மாதம் ஒரு சாயங்காலம் அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டு டம்ளரை எடுத்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க வீட்டுக்காரர் ரெண்டு கரண்டி போட்டுக்குவார்” என்றாள். விளையாட்டு என்று நினைத்து நானும் ஏதோ சொன்னேன். அவள் விளையாடவில்லை. அடுத்த நாள் காலையில் நான் ஷேவ் செய்யும்போது பின்னால் வந்து நின்று, கண்ணாடியில் என்னைப் பார்த்து, “சார், நீங்க எப்ப வந்தீங்க?” என்று கேட்டாள்.

சார் என்றாள். கல்யாணமான நாள் முதல் ‘ஏங்க’ தவிர வேறெதுவும் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை. கோபம் வந்தால் அதே ‘ஏங்க’ கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். தாடையில் வெட்டிக்கொண்டேன்.

உன் புத்தகம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இந்த மறதி நோயில் வீட்டு மனிதரை வேறு ஆள் என்று நினைப்பது உண்டாம். புத்தகம் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்றார். ஆனால் அவளுக்குப் புத்தகம் ஒரு வழியைக் காட்டிவிட்டது என்று எனக்குப் படுகிறது. தினமும் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். உன் கதையில் வரும் வீட்டைப் படம் எடுக்க இரண்டு கல்லூரிப் பெண்கள் தேடி வந்தார்கள், அம்மா தண்ணீர் கொடுத்து உபசரித்து, அவர்களிடம் குரலைத் தாழ்த்தி, “ஆமா, கதை நிஜம்தான். உள்ள ஒருத்தர் இருக்கார்” என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் முதலில் சிரித்து, அப்புறம் என்னைப் பார்த்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

படிப்பதை நிறுத்திவிடலாம் என்றால் விடமாட்டேன் என்கிறாள். சாயங்காலமானால் நாற்காலி ஜன்னலுக்கு வந்துவிடுகிறது. நேற்றைக்கு என்ன படித்தோம் என்று தெரியாது, ஆனால் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் தெரிகிறது. படிக்கும் அந்த நேரம் மட்டும்தான் அவள் என் பக்கத்தில் பயமில்லாமல் உட்காருகிறாள். அதை விட எனக்கு மனசில்லை.

அதனால் கேட்கிறேன். கடைசி அத்தியாயத்தை அம்மாவுக்கு மட்டும் வேறு மாதிரி எழுதித் தருவாயா? வந்தவன் அவளுடைய புருஷனேதான், வேறு யாருமில்லை, அவள் பயந்தது எல்லாம் வீண் என்று. நாலு பக்கம் போதும். உன் எழுத்துக்கு அது குறைச்சல் என்று எனக்குத் தெரியும், ஊரில் யாருக்கும் காட்டமாட்டேன். கிளிப்பை எடுத்துவிட்டு அதை வைத்துப் படித்துவிடுகிறேன். முடிவு தெரிந்தால் நிம்மதியாக இருப்பவள் அவள்.

உன் வேலையில் குறுக்கிடுகிறேன், மன்னித்துக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் இரு.

அப்பா

*

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ அனுப்பிய பக்கங்கள் வந்தன. கேட்டு ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட்டாய். அழுதுகொண்டே எழுதினேன் என்று எழுதியிருக்கிறாய், அது எனக்குத் தாங்கவில்லை. நானும் முதலில் பம்ப் ஹவுஸ் பக்கம் போய் தனியாகத்தான் படித்தேன். அந்தப் புருஷன் சர்க்கரையை ஏன் விட்டான் என்று சொல்லுமிடத்தில் மூக்கைச் சிந்தினேன். நல்ல முடிவு.

அம்மாவிடம் கிளிப்பை எடுத்துக் காட்டி, இன்றைக்குப் பூட்டைத் திறக்கிறோம் என்றேன். ஆர்வமாகக் கேட்டாள். முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “இது இந்தக் கதையோட முடிவு இல்ல” என்றாள். ஏன் என்றேன். “யாரையோ சமாதானப்படுத்த எழுதினது. முன்னாடி எழுதினவங்க கை வேற, இது வேற” என்றாள்.

மகள் பெயரை மறக்கிறாள், மாத்திரையை மறக்கிறாள், அடுப்பை மறக்கிறாள், ஒரு கதைக்குப் பொய்யாக வால் ஒட்டியிருப்பதை மட்டும் கண்டுபிடித்துவிடுகிறாள். உனக்கு இதைவிடப் பெரிய வாசகர் கிடைக்கமாட்டார், அதை மட்டும் எழுதி வைத்துக்கொள். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நிஜ முடிவை நான் படிக்கவில்லை, மறுபடி கிளிப்பைப் போட்டுவிட்டேன். அவன் வேறு ஆள் என்று என் வாயாலேயே எப்படிப் படிப்பேன்?

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் நானில்லை என்கிறாள், சரி, பழைய நானாகிவிட்டால்? பீரோ மேலிருக்கும் அந்தப் போட்டோவில் எப்படி இருக்கிறேனோ அப்படி. மீசை வளர்த்தேன். மை வாங்கி அடித்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்தேன், மேல் பட்டனைப் போட்டால் மூச்சு நிற்கிறது, கீழ் பட்டனைப் போட்டால் சட்டை நிற்கவில்லை. காபியில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு அவள் எதிரிலேயே குடித்தேன். திட்டாதே. மருந்துக்கடைக்காரர் உனக்கும் சேர்த்துத் திட்டிவிட்டார். மை வாங்கப் போனபோதே முகத்தைச் சுளித்து, “அண்ணே, சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. புத்தகத்துல அந்த ஆளும் அவளை நம்ப வைக்க இதையேதான் செஞ்சான்” என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை பார். உன் பத்தாவது அத்தியாயத்தை இத்தனை தடவை படித்தும் தோன்றவில்லை. அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, “நல்லா வேஷம் போட்டிருக்கீங்க சார். சட்டைதான் அவரோடது, உங்களுக்குச் சேரல” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வந்தவர்களை அவள் மனம் நோகப் பேசியதே இல்லையே.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, “வீட்டுக்காரர் இல்லைங்க. வந்ததும் வாங்க” என்றாள். எங்கே போயிருக்கிறார் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. “மருந்துக்கடைக்கு. எனக்கு மாத்திரை வாங்கத்தான். இப்ப வந்துடுவார், அவர் எங்கேயும் நிக்கமாட்டார்” என்றாள். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு நம்பிக்கை. நான் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்று, அவள் சொன்ன அந்த மனுஷன் மேல் பொறாமைப்பட்டேன்.

வெயில் சாய்கிறவரை உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. வேலையிலிருக்கும்போது கரைத் திருப்பத்திலேயே சைக்கிள் மணியை இரண்டு முறை அடிப்பேன், நான் வந்து சேருவதற்குள் அம்மா தாழ்ப்பாளை எடுத்துவிட்டு அடுப்பில் பாலை வைத்துவிடுவாள். நீயும் மணிச் சத்தம் கேட்டால் புத்தகத்தை ஒளித்துவைப்பாய். கொட்டகையில் கிடந்த சைக்கிளைத் துடைத்தேன். டயரில் காற்றில்லை. முழங்கால் ஏற விடவில்லை, தள்ளிக்கொண்டே திருப்பம் வரை போனேன். துருப்பிடித்த மணியைப் பலமாக அழுத்தினேன். வாசலுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. “ஏங்க, எவ்வளவு நேரம்? யாரோ ஒருத்தர் வாசல்லயே உக்காந்திருந்தார், பாவம், எனக்குத்தான் பயமாயிடுச்சு” என்றாள். அடுப்பில் பால் இருந்தது. நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து தினமும் மணியடித்துத்தான் வீட்டுக்கு வருகிறேன். காய் வாங்கப் போனாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறேன், சும்மா பம்ப் ஹவுஸ் வரை போனாலும் அப்படித்தான். ஊரில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உன் அண்ணன் வந்து இரண்டு நாள் இருந்தான். அம்மா அவனை டாக்டர் என்று நினைத்துக்கொண்டு நன்றாகத்தான் பேசினாள். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூட்டிப்போய், டவுனில் ஒரு இல்லம் இருக்கிறது, இந்த நோய்க்காகவே பார்த்துக்கொள்கிறார்கள், சேர்த்துவிடலாம் என்றான். நான் இருக்கும்போது எதற்கு என்றேன். அவன் கொஞ்சம் தயங்கி, “அம்மாவுக்கு பயமே உங்களப் பாத்துத்தானேப்பா” என்றான். அவன் கெட்டவனில்லை, ராத்திரி பகலாக யோசித்துத்தான் சொல்கிறான். மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று போயிருக்கிறான்.

நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் யோசிக்க வேண்டும். அவள் பயந்துகொண்டு என்னோடு இருப்பது நல்லதா, பயமில்லாமல் நான் இல்லாத இடத்தில் இருப்பது நல்லதா என்று எனக்கே தெரியவில்லை. முதல் தடவையாக எனக்கு உன் கதையின் கடைசிப் பக்கம் மாதிரி ஒன்று முன்கூட்டியே தெரிந்தால் தேவலை என்று இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

அன்புள்ள சின்னவளுக்கு,

இதை நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா எதிரில்தான் இருக்கிறாள், நூலகத்து அம்மா அவளுக்குப் படப் புத்தகம் ஏதோ காட்டிக்கொண்டிருக்கிறார்.

மணி பலிக்காமல் போகும் ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். அது போன வெள்ளிக்கிழமை வந்தது. திருப்பத்தில் அடித்தேன். வாசலில் வந்து மறுபடி அடித்தேன். கதவு திறக்கவில்லை. ஜன்னலிலும் வரவில்லை. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். சரி, அண்ணனுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்துக்கொண்டேன். அதற்குமேல் எனக்குப் போட ஒரு வேஷமும் பாக்கியில்லை.

மழை தூறத் தொடங்கியது. தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளும் சத்தம் கேட்டது. அம்மா கதவைத் திறந்து நின்றுகொண்டு என் முகத்தை நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். என்னைத் தெரியவில்லை. ஒரு துளிகூடத் தெரியவில்லை, அது அவள் கண்ணிலேயே இருந்தது. “சார், நீங்க யாருன்னு எனக்குத் தெரியல” என்றாள். நான் எழுந்து நின்றேன். “அவர் வருவார்னு நானும் பாத்துட்டே இருக்கேன், வரக் காணோம். இந்த வீட்ல தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு. நீங்க உள்ள வாங்க. போயிடாதீங்க” என்றாள்.

உள்ளே போனேன். தலை துவட்டத் துண்டு கொடுத்தாள், வந்த விருந்தாளிக்குக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தாள். காபி கலந்துகொண்டு வந்தாள். சர்க்கரை போடவா என்று கேட்டாள். இரண்டு கரண்டி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வேண்டாம், எனக்குச் சர்க்கரை ஆகாது என்று சொல்லிவிட்டேன். “சரி” என்றாள், அவ்வளவுதான். எதிரில் உட்கார்ந்து நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். என்னை உள்ளே வைத்துக்கொண்டேதான் போட்டாள்.

எழுந்துபோய் அலமாரியைத் திறந்து உன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நீலக் கிளிப் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த அத்தியாயத்தை நான் ஒரு நாளும் அவளுக்குப் படிக்கவில்லை. சத்தியம். கிளிப்பை நகர்த்தியிருந்தாலும் அவளால் நாலு வரி சேர்ந்தாற்போல் படிக்க முடியாது. நீ எழுதியதை அவள் படிக்காமலே செய்தாள்.

நேற்று மருந்துக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். கூட்டத்தில் நாம் இரண்டு பேரும் தப்பாகப் பேசிவிட்டோம் என்றேன். வழக்கம்போல ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன், அவர் மாத்திரையை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, என் தோளைத் தொட்டார். உன் முடிவில் பொய் இல்லை, சின்னவளே. அப்பா வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ வெகு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படித் தெரிந்துகொண்டாய் என்றுதான் புரியவில்லை. ஒருவேளை நீயும் அங்கே தனியாகத்தான் இருக்கிறாயோ என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. இத்தனை தடவை படித்தும் இதுவரை தோன்றாமல் போனதே.

அண்ணனிடம் இல்லம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மீசையை எடுத்துவிட்டேன். காக்கிச் சட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டேன். யாரென்று தெரியாதவனாகவே இருந்துகொள்கிறேன். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை, அது போதும். சாயங்காலம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “சார், உங்களுக்கு நேரம் இருந்தா கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா?” என்று கேட்கிறாள். முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர்கூட இப்படித்தான் செருமுவார் என்று நேற்று சொன்னாள். அவரை எனக்கும் தெரியும் என்றேன். நல்லவரா என்று கேட்டேன். தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டாள். சில ராத்திரி அவர் வராததை நினைத்து அழுகிறாள், நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, வந்துவிடுவார் என்று சொல்கிறேன்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். லீவு கிடைத்தால் பார், கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது பொய்யாக ஒட்டிய வால். பரவாயில்லை என்பது உண்மையில்லை. நீ வா.

உன்னை அம்மாவுக்குத் தெரியாது. மேடம் என்று கூப்பிடலாம், யார் வீட்டுப் பெண் என்று கேட்கலாம். உங்கள் மகள்தான் என்று வந்ததும் சொல்லி அவளைச் சங்கடப்படுத்தாதே, அழாதே, பழைய போட்டோவை எடுத்துக் காட்டாதே. அதெல்லாம் நான் செய்து பார்த்துவிட்டேன். வந்து படியில் உட்கார். கொஞ்ச நேரமாகும். தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளும் சத்தம் கேட்கும், அதை நான் இன்னும் சரிசெய்யவில்லை, சரிசெய்யப்போவதும் இல்லை. உள்ளே வா என்பாள், உனக்கும் ஒரு டம்ளர் காபி கொடுப்பாள், சர்க்கரை எவ்வளவு என்று கேட்பாள். உள்ளதைச் சொல். தலையைப் பின்னிவிடட்டுமா என்று அவளாகவே கேட்டாலும் கேட்பாள், நேற்று நூலகத்து அம்மாவிடம் அப்படித்தான் கேட்டாள். கேட்டால் உட்கார்ந்துகொள்.

நீ எங்கிருந்தாலும் உன் கதவுக்குள்ளே பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும். அதுதான் இப்போதைக்கு என்னால் கொடுக்க முடிந்த ஆசீர்வாதம்.

யாரென்று கேட்காமல் உனக்காகவும் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
அப்பா